மொபைல் அலையில் மேசைக்கணினி ராட்சசன் நிற்குமா, விழுமா? கணக்கைப் பார்த்துக் கணிக்கும் முறை

2010 வாக்கில் மைக்ரோசாஃப்ட்டைப் பற்றி இரண்டு கட்சி இருந்தது. ஐபோனும் ஆண்ட்ராய்டும் வந்துவிட்டன, இனி விண்டோஸ் கடையைக் கட்டவேண்டியதுதான் என்றது ஒன்று. இவ்வளவு பணம் வைத்திருப்பவர்கள் தாமதமாக வந்தாலும் பிடித்துவிடுவார்கள் என்றது இன்னொன்று. இரண்டுமே பொய்த்தன. விண்டோஸ் 10 மொபைலுக்கான ஆதரவு 2020 ஜனவரியோடு நின்றது. போனில் முழுத் தோல்வி. ஆனால் அதற்குச் சில மாதம் முன்பு முடிந்த 2019 நிதியாண்டில் நிறுவனத்தின் வருவாய் 125.8 பில்லியன் டாலர். 2010 நிதியாண்டின் 62.5 பில்லியனோடு ஒப்பிட்டால் இரண்டு மடங்கு.

போனில் ஜெயிப்பார்களா என்பது ஒரு கேள்வி. போனில் தோற்றால் பணம் வருவது நிற்குமா என்பது வேறு கேள்வி. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொண்டதால்தான் இரு கட்சியும் சறுக்கியது. இவற்றைப் பிரித்துப் பார்க்கும் முறை கீழே. பயிற்சிக்கு மைக்ரோசாஃப்ட்டின் 2013 நிதியாண்டை எடுத்துக்கொள்வோம். விண்டோஸ் 8 திட்டு வாங்கி, சர்ஃபேஸ் ஆர்டி பலகைக் கணினி கிடங்கில் தேங்கி, கணினி விற்பனை சரிந்து, தலைமை நிர்வாகி ஸ்டீவ் பால்மர் விலகப்போவதாக அறிவித்த நேரம். அந்த ஆண்டுக் கணக்கில் சரியாகக் கணித்துப் பழகினால் வேறு எந்த நிறுவனத்தையும் இதே முறையில் பார்க்கலாம்.

முதலில் எடுத்து வைக்க வேண்டியவை

அமெரிக்கப் பங்குச்சந்தை ஆணையத்தின் எட்கர் தளத்தில் 10-கே என்ற ஆண்டறிக்கை இலவசமாகக் கிடைக்கும். நிறுவனத்தின் சொந்தத் தளத்தில் இருக்கும் வண்ணப்பட அறிக்கையும் முதலீட்டாளர் ஸ்லைடுகளும் இதற்கு உதவாது. காட்ட விரும்பியதை மட்டும் அவை பெரிதாகக் காட்டும். 10-கே நீளமானது, ஆனால் மூன்று இடம் போதும்: தொழில் விவரம் சொல்லும் 1-ஆம் பகுதி, நிர்வாகமே ஏற்ற இறக்கத்துக்குக் காரணம் சொல்லும் 7-ஆம் பகுதி, 8-ஆம் பகுதியில் கணக்குக் குறிப்புகளின் கடைசிப் பக்கங்களில் வரும் பிரிவுவாரி விவரம்.

மைக்ரோசாஃப்ட்டின் நிதியாண்டு ஜூன் 30-இல் முடிகிறது. 2013 நிதியாண்டு என்றால் 2012 ஜூலை முதல் 2013 ஜூன் வரை. இதைக் கவனிக்காமல் காலண்டர் ஆண்டுக் கணினி விற்பனையோடு நேராக ஒப்பிட்டால் ஆறு மாதம் பிசகும். எண்கள் மில்லியன் டாலரில் அச்சாகியிருக்கும். 1,000 மில்லியன் ஒரு பில்லியன், அதாவது 100 கோடி.

பணத்தைக் குவியல் குவியலாகப் பிரியுங்கள்

2013 நிதியாண்டில் மொத்த வருவாய் 77.8 பில்லியன் டாலர். பிரிவுவாரியாக, பில்லியன் டாலரில்:

- விண்டோஸ்: வருவாய் 19.2, செயல்பாட்டு லாபம் 9.5
- சர்வரும் அதற்கான கருவிகளும்: 20.3, லாபம் 8.2
- பிசினஸ் பிரிவு, பெரும்பாலும் ஆபீஸ்: 24.7, லாபம் 16.2
- எக்ஸ்பாக்ஸ், ஸ்கைப், விண்டோஸ் போன் சேர்ந்த பிரிவு: 10.2, லாபம் 0.8
- பிங் தேடுபொறி உள்ளிட்ட ஆன்லைன் பிரிவு: 3.2, நட்டம் 1.3

பிரிவுகளின் லாபத்தைக் கூட்டினால் 33.4 வரும். ஆனால் நிறுவனத்தின் மொத்தச் செயல்பாட்டு லாபம் 26.8 தான். நடுவில் உள்ள 6.7 பில்லியன் எந்தப் பிரிவின் தலையிலும் ஏற்றாத தலைமையகச் செலவு. கூட்டல் உதைக்கிறதே என்று இந்த இடத்தில் பலர் திகைத்து நின்றுவிடுவார்கள். தவறு ஒன்றும் இல்லை, குறிப்பின் அடியில் தனி வரியாக அது இருக்கும்.

நான்காவது வரியில் ஒரு பொறி இருக்கிறது. விண்டோஸ் போன் லாபத்தில் ஓடியது என்று அதை வைத்து முடிவு கட்டிவிடக் கூடாது. ஆண்ட்ராய்டு போன் தயாரிப்பாளர்கள் மைக்ரோசாஃப்ட்டுக்குக் கட்டிய காப்புரிமைத் தொகையும் இதே பிரிவில்தான் விழுந்தது. எச்டிசி 2010-இலும் சாம்சங் 2011-இலும் கையெழுத்திட்ட ஒப்பந்தங்கள் அவை. எதிராளி போன் விற்றால் வரும் காசு, சொந்த போன் பிரிவின் கணக்கில் சேர்ந்து அதன் ஓட்டையை மறைத்தது.

அடுத்து ஒவ்வொரு குவியலையும் ஒரே கேள்வியால் சோதியுங்கள்: இந்த டாலர் எதை விற்றதால் வந்தது, யார் கட்டினார்கள்? விண்டோஸ் வருவாயில் ஏறக்குறைய முக்கால் பங்கு, கணினி தயாரிப்பாளர்கள் ஒவ்வொரு புதுக் கணினிக்கும் கட்டும் உரிமத் தொகையாக இருந்துவந்தது. புதுக் கணினி விற்காவிட்டால் அது அன்றே நிற்கும். ஆபீஸும் சர்வரும் அப்படியல்ல. பெரும்பகுதி நிறுவனங்கள் கட்டுவது, அதிலும் மூன்றாண்டு ஒப்பந்தம் போட்டு ஆண்டுதோறும் முன்பணமாகக் கட்டுவது. ஊழியர் கையில் ஐபோன் இருக்கிறதா, விண்டோஸில் ஓடும் லூமியா போன் இருக்கிறதா என்பதைப் பொறுத்து அந்த ரசீது மாறாது.

இதை உறுதிசெய்ய இருப்புநிலைக் குறிப்பில் ‘அன்எர்ன்ட் ரெவின்யூ’ என்ற வரியைத் தேடுங்கள். வாடிக்கையாளரிடம் வாங்கியாகிவிட்ட, இன்னும் வருவாயாகக் கணக்கில் எடுக்காத பணம் அது. 2013 ஜூன் 30 அன்று குறுங்காலம், நீண்டகாலம் இரண்டும் சேர்த்துச் சுமார் 22.4 பில்லியன் டாலர் இருந்தது. சாகப்போகும் நிறுவனத்திடம் முன்பணம் கட்டி யாரும் வரிசையில் நிற்பதில்லை. விண்டோஸ் வருவாயைவிட, போன் விற்பனையைவிட, அந்த ஆண்டு பார்த்திருக்கவேண்டிய எண் இதுதான் என்பது எங்கள் கருத்து.

தலைப்பு எண்ணை உரித்துப் பாருங்கள்

விண்டோஸ் வருவாய் 2012-இல் 18.4, 2013-இல் 19.2. ஐந்து விழுக்காடு உயர்வு. பிறகு என்ன கவலை என்று தோன்றும். 7-ஆம் பகுதியைப் பொறுமையாகப் படித்தால் இரண்டு ஒட்டு வேலை தெரியும்.

முதலாவது, விண்டோஸ் 8 வெளிவரும் முன்பு விண்டோஸ் 7 கணினி வாங்கியவர்களுக்கு மலிவு விலையில் மேம்படுத்தித் தருவதாக ஒரு சலுகை இருந்தது. அதற்காக 0.54 பில்லியன் டாலர் வருவாயை 2012-இல் கணக்கில் எடுக்காமல் தள்ளிவைத்து 2013-இல் எடுத்தார்கள். அதை உரிய ஆண்டுக்கே திருப்பிப் போடுங்கள். 2012-க்கு 18.94, 2013-க்கு 18.70. ஐந்து விழுக்காடு உயர்வு ஒரு விழுக்காடு சரிவாகிவிட்டது.

இரண்டாவது, சர்ஃபேஸ் பலகைக் கணினி விற்ற 0.85 பில்லியனும் இதே பிரிவில் இருக்கிறது. அது வன்பொருள் விற்பனை, சென்ற ஆண்டு இல்லாதது. அதையும் கழித்தால் 17.85. பழைய விண்டோஸ் வியாபாரம் உண்மையில் ஆறு விழுக்காடு சுருங்கியிருக்கிறது. போதாக்குறைக்கு சர்ஃபேஸ் ஆர்டி கையிருப்பின் மதிப்பை 0.9 பில்லியன் குறைத்து எழுதினார்கள். விற்று வந்ததைவிட எழுதித் தள்ளியது அதிகம்.

இந்த உரிப்பை ஐந்து ஆண்டுக்குச் செய்யுங்கள். ஒரே ஆண்டை வைத்து எதுவும் சொல்ல முடியாது, ஏனென்றால் புது விண்டோஸ் வரும் ஆண்டு வீங்கும், மறு ஆண்டு வற்றும்.

செயலி எண்ணிக்கையை நம்பாதீர்கள்

இனி முதல் கேள்வி: போனில் ஜெயிக்குமா? விண்டோஸ் போன் கடையில் 2014-இல் செயலிகள் 3 லட்சத்தைத் தாண்டின. கேட்க நன்றாக இருக்கும். ஆனால் ஒருவர் தினமும் திறப்பது இருபது முப்பதுதான், அந்த முப்பதில் இரண்டு இல்லாவிட்டாலும் போனை மாற்றிவிடுவார்.

எனவே நீங்களே 25 செயலிகளின் பட்டியல் போடுங்கள். வங்கி, அரட்டை, வரைபடம், வீடியோ, டாக்சி, பயணச்சீட்டு, படம் பகிர்தல் என்று எல்லா வகையும் இருக்கட்டும். ஒவ்வொன்றுக்கும் நான்கு கட்டம்: இருக்கிறதா, அசல் நிறுவனமே செய்ததா இல்லை வெளியாள் செய்ததா, கடைசியாக எப்போது புதுப்பித்தார்கள், ஐபோன் பதிப்பில் இருக்கும் எந்த வசதி இதில் இல்லை. மூன்றாவது கட்டம்தான் உண்மையைப் போட்டு உடைக்கும். 25-இல் ஐந்துக்கு மேல் ஆறு மாதமாகத் தொடப்படாமல் கிடந்தால் நிரலாளர்கள் மனதளவில் கிளம்பிவிட்டார்கள் என்று பொருள்.

இரண்டாவது கட்டத்தின் அருமைக்கு யூடியூப் சாட்சி. கூகுள் விண்டோஸ் போனுக்குச் செயலி செய்யவில்லை. 2013 மே மாதம் மைக்ரோசாஃப்ட் தானே ஒன்று செய்து வெளியிட்டது. அதில் விளம்பரம் வரவில்லை, வீடியோவை இறக்கிக்கொள்ளவும் முடிந்தது. நீக்கச் சொல்லி கூகுள் நோட்டீஸ் அனுப்பியது. திருத்திய பதிப்பு ஆகஸ்டில் வந்தது, அதையும் கூகுள் தடுத்தது. கடைசியில் வலைத்தளத்தைத் திறந்து காட்டும் வெறும் உறையாக அது சுருங்கியது. மேசைக்கணினியில் தொண்ணூறு விழுக்காட்டை ஆண்ட நிறுவனத்துக்குப் போனில் ஒரு வீடியோ செயலிக்காகப் போட்டியாளரின் வாசலில் நிற்கவேண்டிய நிலை.

எத்தனை முறை முதலிலிருந்து தொடங்கினார்கள்?

வரிசையாக எழுதி, ஒவ்வொரு மாற்றத்திலும் இரண்டு கேள்வி கேளுங்கள்: பழைய செயலி புதியதில் ஓடுமா, பழைய போனுக்குப் புதியது கிடைக்குமா?

விண்டோஸ் மொபைல் 6.5-இலிருந்து 2010 இறுதியில் விண்டோஸ் போன் 7-க்கு மாறியபோது பழைய செயலி ஒன்றுகூட ஓடவில்லை. 2012 அக்டோபரில் 8 வந்தபோது செயலிகள் தப்பின, போன்கள் தப்பவில்லை. நோக்கியாவின் லூமியா 900 அமெரிக்காவில் 2012 ஏப்ரலில் கடைக்கு வந்தது. ஜூனில், அதற்கு 8 கிடைக்காது என்று அறிவித்தார்கள். வாங்கி மூன்று மாதம் ஆகாத போன். 2016-இல் விண்டோஸ் 10 மொபைல் விநியோகமானபோது, லூமியா வரிசையிலேயே அதிகம் விற்ற 520 பட்டியலில் இல்லை. 512 எம்பி நினைவகம் போதாது.

8-க்கு மாறியதற்குத் தொழில்நுட்பக் காரணம் வலுவானதுதான். 7-இன் அடித்தளம் சிறு கருவிகளுக்கான பழைய விண்டோஸ் சிஇ, ஒற்றைக் கரு (சிங்கிள் கோர்) பிராசஸர் மட்டும் தாங்கும். ஆண்ட்ராய்டு போன்களில் இரட்டைக் கருவும் நாற்கருவும் வந்துவிட்டன. ஆனால் காரணம் எவ்வளவு நியாயமானாலும் வாங்கியவருக்கும் நிரல் எழுதியவருக்கும் நட்டம் நட்டம்தான். பின்தங்கி ஓடுபவர் ஒரு முறை முதலிலிருந்து தொடங்கினால் பொறுத்துக்கொள்ளலாம். இரண்டாவது முறை தொடங்கினாலே போன் கேள்விக்கு ‘இல்லை’ என்று எழுதிவிடலாம்.

விலையையும் இங்கேயே பார்த்துவிடுங்கள். ஆண்ட்ராய்டுக்கு கூகுள் போன் தயாரிப்பாளரிடம் உரிமத் தொகை கேட்கவில்லை, அதன் காசு தேடல் விளம்பரத்தில் இருந்தது. மைக்ரோசாஃப்ட் கணினிப் பழக்கத்தில் போனுக்கும் உரிமத் தொகை வாங்கியது. 9 அங்குலத்துக்குக் குறைந்த திரைக்கு இலவசம் என்று அறிவித்தது 2014 ஏப்ரலில். அதற்குள் பந்தி முடிந்து இலை எடுத்தாகிவிட்டது.

தன் சரக்கைப் போட்டியாளர் கடையில் வைக்கிறார்களா?

இரண்டாவது கேள்விக்கு இதுதான் முக்கிய அடையாளம். ஐபேட் விற்பனைக்கு வந்தது 2010 ஏப்ரல். ஐபேடுக்கான ஆபீஸ் வந்தது 2014 மார்ச் 27, சத்யா நாதெள்ளா தலைமை நிர்வாகியாகப் பொறுப்பேற்று இரண்டு மாதத்துக்குள். நடுவில் நான்கு ஆண்டு. ஆபீஸ் வேண்டுமென்றால் விண்டோஸ் பலகையை வாங்கட்டும் என்ற எண்ணம் அந்த இடைவெளியில் தெரிகிறது. 0.85 பில்லியன் சர்ஃபேஸ் விற்பனையைக் காப்பாற்ற 24.7 பில்லியன் ஆபீஸைக் கட்டிப்போட்டு வைத்திருந்தார்கள். எண்களை அருகருகே எழுதும்போதுதான் அதன் விபரீதம் உறைக்கும்.

எந்த நிறுவனமானாலும் அதன் அதிக லாபச் சரக்கு எது என்று பார்த்து, அது போட்டித் தளத்தில் எந்தத் தேதியில் வந்தது, முழு வசதியோடு வந்ததா, சொந்தத் தளத்துக்கு முன்பு வந்ததா பின்பு வந்ததா என்று குறியுங்கள். தொடுதிரைக்கு ஏற்ற ஆபீஸ் விண்டோஸுக்கு முன் ஐபேடுக்கு வந்தது. உள்ளே யார் கை ஓங்கிவிட்டது என்பதற்கு இதைவிடத் தெளிவான அறிகுறி கிடைக்காது.

வாங்கிய நிறுவனங்களை எப்படிப் படிப்பது

நோக்கியாவின் போன் தொழிலை வாங்குவதாக 2013 செப்டம்பரில் அறிவிப்பு, விலை 5.44 பில்லியன் யூரோ. கைமாறியது 2014 ஏப்ரல் 25. 2015 ஜூலையில் அதன் பேரில் 7.6 பில்லியன் டாலரைக் கணக்கிலிருந்து எழுதித் தள்ளினார்கள். முதலில் அறிவித்த விலையைவிடச் சற்று அதிகம்.

இப்படிப்பட்ட ஆண்டில் நிகர லாபத்தை மட்டும் பார்த்தால் வயிறு கலங்கும்: 22.1 பில்லியனிலிருந்து 12.2-க்கு விழுந்தது. உடனே பணப்புழக்க அறிக்கைக்குப் போங்கள். செயல்பாடுகளால் வந்த ரொக்கம் 32-இலிருந்து 29-க்கு மட்டுமே இறங்கியிருந்தது. எழுதித் தள்ளியது முன்பே செலவான பணம், அந்த ஆண்டு பெட்டியிலிருந்து போனதல்ல. தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று.

ஒப்பந்தத்தில் சேராதவற்றையும் பட்டியலிடுங்கள். நோக்கியாவின் காப்புரிமைகள் நோக்கியாவிடமே தங்கின, மைக்ரோசாஃப்ட்டுக்குக் கிடைத்தது பயன்பாட்டு உரிமம். நோக்கியாவின் ஹியர் வரைபடச் சேவையும் வரவில்லை. ஸ்மார்ட்போனில் நோக்கியா பெயரைக் குறுகிய காலமே போடலாம். ஸ்ரீபெரும்புதூர் ஆலையும் இந்தியாவில் இருந்த வரி வழக்கால் ஒப்பந்தத்துக்கு வெளியே நின்றது. சிலகாலம் மைக்ரோசாஃப்ட்டுக்கு ஒப்பந்த அடிப்படையில் போன் செய்து கொடுத்தது, அந்த ஒப்பந்தமும் நின்றதும் 2014 நவம்பர் 1 முதல் உற்பத்தி நிறுத்தப்பட்டது. மைக்ரோசாஃப்ட் தலைமையகம் இருக்கும் ரெட்மண்டில் ஒரு வரியாக முடிந்த கணக்கு, இங்கே பல ஆயிரம் பேரின் மாதச் சம்பளம்.

மாற்று வருவாய் நிஜமா?

சரிவை ஈடுகட்ட எது வளர்கிறது என்று கடைசியாகத் தேடுங்கள். மைக்ரோசாஃப்ட்டில் அது கிளவுட், அதாவது இணையவழியே வாடகைக்குத் தரும் கணினிச் சேவை: அசூர், சந்தாவில் வரும் ஆபீஸ் 365. நிறுவனங்களுக்கான கிளவுட் வருவாய் 2018 நிதியாண்டில் ஆண்டுக்கு 20 பில்லியன் என்ற வேகத்தை எட்டும் என்று 2015-இல் இலக்கு வைத்து, 2017 அக்டோபரில் தாண்டிவிட்டதாக அறிவித்தார்கள். ஆனால் ‘ரன் ரேட்’ என்பது காலாண்டின் கடைசி மாத வருவாயைப் பன்னிரண்டால் பெருக்கியது. ஓராண்டில் கைக்கு வந்த பணம் அல்ல. இரண்டையும் ஒரே நெடுவரிசையில் எழுதாதீர்கள்.

பிரிவுகளை அடிக்கடி மாற்றி அடுக்குவது அடுத்த தொல்லை. 2014-இலும் 2016-இலும் ஆட்டைத் தூக்கி மாட்டில் போட்டு மாட்டைத் தூக்கி ஆட்டில் போட்டார்கள், பழைய ‘விண்டோஸ் பிரிவு’ என்ற வரியே காணாமல் போயிற்று. மாற்றம் அறிவிக்கும்போது முந்தைய ஆண்டுகளையும் புதிய அடுக்கில் மறுபடி கணக்கிட்டு வெளியிடுவார்கள். அந்த மறுகணக்கை மட்டும் வைத்து ஒப்பிடுங்கள். பழைய 10-கே எண்ணையும் புதிய 10-கே எண்ணையும் ஒரே வரைபடத்தில் ஒட்டினால் இல்லாத வளர்ச்சி தெரியும்.

கிளவுட்டுக்குத் தரவு மையம் கட்டவேண்டும் என்பதால், சொத்து, கட்டடம், கருவி வாங்கிய செலவையும் பக்கத்தில் எழுதுங்கள். 2013-இல் 4.3 பில்லியன், 2018-இல் 11.6, 2024-இல் 44.5. உரிமம் விற்ற காலத்து லாப விகிதத்தை இந்தத் தொழிலில் அப்படியே எதிர்பார்க்கக் கூடாது.

வேறொரு நிறுவனத்துக்குப் போட்டுப் பார்க்க

ஃபோட்டோஷாப் செய்யும் அடோபி நல்ல பயிற்சி. வலைப்பக்கத்தில் வீடியோவும் அசைபடமும் ஓட்டும் அதன் ஃபிளாஷ் மென்பொருள் போனில் தோற்றது, 2011 நவம்பரில் மொபைல் ஃபிளாஷைக் கைவிட்டார்கள். முதல் கேள்விக்கு விடை ‘இல்லை’. 2013-இல் பெட்டியில் விற்பதை விட்டு கிரியேட்டிவ் கிளவுட் சந்தாவுக்கு மாறினார்கள். வருவாய் 2012-இல் 4.40 பில்லியன், 2013-இல் 4.06, 2014-இல் 4.15, 2015-இல் 4.80, 2016-இல் 5.85. நிகர லாபம் 2013-இல் மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கியது.

இந்தப் பள்ளம் நோய் அல்ல. பெட்டி விற்றால் முழுத் தொகையும் அன்றே கணக்கில் ஏறும், சந்தாவில் மாதாமாதம் ஏறும். நோயா, மாற்றமா என்று பிரித்தறிய, சந்தாவிலிருந்து ஓராண்டுக்கு வரக்கூடிய தொகையாக அடோபி காலாண்டுதோறும் தனியே சொன்ன ஏஆர்ஆர் எண்ணை வருவாய்க்கு அடுத்த நெடுவரிசையில் எழுதுங்கள். வருவாய் இறங்க, ஏஆர்ஆர் நான்கைந்து காலாண்டாக விடாமல் ஏறினால் அது மாற்றம். இரண்டும் சேர்ந்து இறங்கினால் விண்டோஸ் வருவாயை உரித்ததுபோல இதையும் முதலிலிருந்து உரிக்க வேண்டியிருக்கும்.